முத்துக்கையின் கணக்குப் பாடவேளை

இன்று நான் படிக்கும் ஆசிரியர் பயிற்சி மாலை வகுப்பில் விரிவுரையாளர் 'மாணவரின் சுயமுடிவு' என்று பலகையில் எழுதியபோது பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நடந்ததை வரிசையாக இப்போதே எழுதிவிட வேண்டும். நாலு நாள் போனால் எல்லார் பக்கமும் நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றிவிடும். அப்படிப்பட்ட புத்தி எனக்கு.

பகலில் ஒரு நடுநிலைப் பள்ளியில் உதவி ஆசிரியையாக இருக்கிறேன். இந்தப் பருவத்தில் ஏழாம் வகுப்புக்கு இலக்கு வகுப்பு நடத்தச் சொன்னார்கள். பிள்ளைகள் தங்களுக்கென்று ஓர் இலக்கு வைக்க வேண்டும். அதற்கேற்ற முடிவுகள் எடுக்கப் பழக வேண்டும். நான் அவர்களுக்கு மூன்று கேள்விகள் கொடுத்தேன். இது எனக்கே வேண்டுமா, பிறர் மெச்சுவதற்கா? இதற்காக எதை விட வேண்டும்? நாளைக்கு முதல் வேலை என்ன?

பாதிப் பேர் டாக்டர், விமானி என்று எழுதினார்கள். ஒருவன் 'ஒரு வாரம் தம்பியை அடிக்க மாட்டேன்' என்று எழுதிவிட்டு, "சனி ஞாயிறு சேராதுல்ல மிஸ்? அன்னைக்குத்தான் அவன் ரொம்ப ஆடுவான்" என்று பேரம் பேசினான்.

ஒரு சிறுமி மட்டும் 'கணக்குப் பாடவேளை முழுக்க வகுப்பில் உட்கார வேண்டும்' என்று எழுதியிருந்தாள்.

அவளை எல்லாரும் முத்துக்கை என்பார்கள். எழுத்து முத்து முத்தாக இருக்கும். பள்ளியின் சுவர்களில் தொங்கும் சார்ட் எல்லாம் அவள் எழுதியவை. எழுத வேண்டியது வந்தால், மதிய இடைவேளைக்கு அடுத்த பாடவேளையில் அவளைக் கூப்பிடுவார்கள். ஒருங்கிணைப்பாளர் மேடத்துக்கு அப்போதுதான் ஓய்வு. ஏழாம் வகுப்புக்கு அப்போதுதான் கணக்கு.

"இதுக்காக எதை விடணும்?" என்று கேட்டேன்.

"சார்ட் எழுதறதை விடணும் மிஸ்."

"அது உனக்குப் பிடிக்குமே?"

"பிடிக்கும். ஆனா கீழ இருக்கற எண் வேற வேறயா இருந்தா பின்னத்தை எப்படிக் கூட்டணும்னு சார் நடத்தினப்ப, நான் வராந்தாவுல 'சுத்தம் காப்போம்' எழுதிட்டிருந்தேன். வீட்டுல யாருக்கும் தெரியல. அம்மா இஸ்திரிக் கடை வெச்சிருக்காங்க. 'நாலு பேர் மெச்சற கைடி, விட்டுடாதே'ன்னு சொல்றாங்க. வெள்ளிக்கிழமை பரீட்சையில போச்சுன்னா என்னைக் கீழ்ப் பிரிவுல போட்டுடுவாங்க மிஸ்."

நல்ல முடிவு என்று சொன்னேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மேடத்திடம் அதை எடுத்துக்கொண்டு போனேன். வியாழக்கிழமை மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள். அதற்குள் பிள்ளைகளின் இலக்குகளையெல்லாம் வண்ண அட்டையில் எழுதி, சுவர் முழுக்க ஒட்ட வேண்டும் என்றார். ஒரே கையெழுத்தில் இருந்தால்தான் பார்வையாக இருக்குமாம். யார் கையெழுத்து என்று கேட்கத் தேவையில்லை. எந்தப் பாடவேளை என்றும் கேட்கத் தேவையில்லை. கேட்காமல் முத்துக்கையின் தாளை நீட்டினேன்.

மேடம் படித்துவிட்டுச் சிரித்தார். "இது இலக்கா? புகார்ம்மா இது. மாத்தச் சொல்லு. 'என் கையெழுத்தால் பள்ளிக்குப் பெருமை சேர்ப்பேன்'னு எழுதட்டும்."

"அவ யோசிச்சு எழுதினது மேடம்."

"யோசிக்கத்தானே கத்துக்குடுக்கச் சொன்னோம்? நம்மளை எதிர்க்கவா சொன்னோம்? நாளைக்கு அந்தப் பாடவேளையில அவளைக் கூட்டிட்டு வந்துடு."

"சரி மேடம்" என்றேன்.

வீட்டில் சொன்னபோது அண்ணன் சாப்பிட்டுக்கொண்டே கேட்டான். அவன் பஸ் டிப்போவில் மெக்கானிக். யார் மனம் புண்படும் என்று பார்த்துப் பேச மாட்டான். "ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழனிப் பானையில தான் விழுமாம் துள்ளி."

"வாயை மூடுண்ணா."

"நான் மூடிக்கறேன். நீ எப்பத் திறக்கப் போறே?"

மறுநாள் கணக்கு வகுப்பின் வாசலில் போய் நின்றேன். கணக்கு சார் பலகையில் ஒரு ரொட்டியை வரைந்து துண்டு போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முத்துக்கை பேனாவை மூடினாள். மூடிய விதத்தில் கோபமே இல்லை. அதுதான் என்னைச் சுட்டது. அவளுக்கு அவ்வளவு பழகிப்போயிருந்தது.

"ஒண்ணுமில்ல சார், நீங்க நடத்துங்க" என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்கு வந்து, அட்டைகளை நானே எழுத ஆரம்பித்தேன்.

மேடம் வந்து பார்த்தார். "என்ன இது, கோழி கிளறின மாதிரி?"

"என் எழுத்து மேடம்."

"அவ எங்க?"

"கணக்கு வகுப்புல."

மேடம் விறுவிறுவென்று வகுப்புக்குப் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். வாசலில் நின்றபடி அவளைக் கூப்பிட்டார். கணக்கு சார் சாக்பீஸை உருட்டிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆண்டு முழுக்க அவர் வகுப்பிலிருந்துதானே அவளைப் பிடுங்கிப் போனார்கள்.

முத்துக்கை எழுந்து நின்றாள். "வரல மேடம்."

"என்ன?"

"யோசிச்சுட்டேன் மேடம். வரல." யாரும் சொல்லாமல் தானே உட்கார்ந்துகொண்டாள்.

மேடம் என் பக்கம் திரும்பினார். "இதைத்தான் வகுப்புல சொல்லிக்குடுத்தியா?"

"ஆமா மேடம். இவ ஒருத்திக்குத்தான் புரிஞ்சிருக்கு."

எப்படி அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. நாளையிலிருந்து இலக்கு வகுப்புப் பக்கம் நான் தலைகாட்ட வேண்டாம் என்றார்.

சற்று நேரம் கழித்து அலுவலகத்தைத் தாண்டியபோது பிரிண்டர் ஓடும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். இலக்குகள் எல்லாம் வண்ண அட்டையில் அழகாக வந்து விழுந்துகொண்டிருந்தன. "இதுக்கா இவ்வளவு ரகளை? முன்னாடியே சொல்லியிருந்தா டீ ஆறறதுக்குள்ள அடிச்சுக் குடுத்திருப்பேனே" என்றார் குமாஸ்தா. இந்த இயந்திரம் எப்போதும் இங்கேதான் இருக்கிறது. ஒரு பிள்ளையை எழுப்புவது இதை எழுப்புவதைவிடச் சுலபம், அவ்வளவுதான். முத்துக்கையின் பெயருக்கு மேலே 'பள்ளிக்குப் பெருமை சேர்ப்பேன்' என்று இருந்தது. அந்த அட்டையை எடுத்து குமாஸ்தாவின் கண்ணெதிரிலேயே கிழித்தேன்.

மணி அடித்ததும் அவள் என்னைத் தேடி வந்தாள்.

"கீழ் எண்ணைச் சமமாக்கணுமாம் மிஸ். எப்படின்னு வந்துடுச்சு. ஏன்னுதான் புரியல. நாளைக்கும் உட்கார்ந்தா புரியும்."

"உட்காரு. யார் வந்து கூப்பிட்டாலும் எழுந்திரிக்காதே."

"நீங்க வந்து கூப்பிட்டா?"

"எழுந்திரிக்காதே" என்றேன்.