தாராபுரத்துக்குப் போன பவர் பத்திரம்

கம்ப்யூட்டரில் ஆகாத காரியம் ஒன்று உலகத்தில் உண்டு என்று யாராவது சொன்னால் சுப்பையனுக்குப் பொறுக்காது. அமெரிக்காவில், பிஸ்கட்டவேயில் இருக்கும் அவன் வீட்டுக்குக் கார் இன்ஷூரன்ஸிலிருந்து பாப்பாவின் மழைச்செருப்பு வரை எல்லாமே ஆன்லைனில்தான் வந்து இறங்கும். பத்து நிமிஷம் காரில் போனால் பக்கத்து ஊர் எடிசனில் இந்தியக் கடையில் கிடைக்கிற முருங்கைக்காயை முக்கால் மணி நேரம் இன்டர்நெட்டில் தேடிய புண்ணியவான் அவன். அதனால், 2007 ஜூன் மாதம் தாராபுரத்திலிருந்து தங்கை பவளம் போன் செய்து, "சின்னண்ணா, பெரியண்ணன் சரின்னு சொல்லிட்டாருங்க" என்று அழுதபோது, இனி இருப்பது வெறும் காகித வேலைதானே, ஒரு சாயங்காலத்தில் முடித்துவிடலாம் என்று அவன் நினைத்தான்.

விஷயம் வீட்டைப் பற்றியது. அப்பா கட்டிய வீடு பிள்ளைகள் மூன்று பேர் பெயரிலும் இருந்தது. புருஷன் விட்டுவிட்டுப் போனபிறகு பவளம்தான் அங்கே இருக்கிறாள். முன்னறையில் தையல் மெஷின் போட்டுப் பிழைக்கிறாள். படுக்கையில் கிடந்த அம்மாவை ஆறு வருஷம் தூக்கி எடுத்துப் பார்த்தவளும் அவள்தான். வீட்டை அவள் பெயருக்கு மாற்ற, அண்ணன்கள் இருவரும் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

சுப்பையனுக்கு என்றைக்குமே சம்மதம். பெரியவர் நாகரத்தினம்தான் அதுவரை பிடி கொடுக்கவில்லை. அவருக்கு வீட்டின் மேல் ஒரு ஆசையும் கிடையாது. கோபமெல்லாம் தம்பி மேல். அம்மா சாவுக்கு விசாச் சிக்கலில் வராமல் போனவன். எதைப் பற்றிப் பேசினாலும் "அதுக்கு ப்ரொசீஜர் என்னன்னாங்ணா" என்று ஆரம்பித்து, பதினைந்து வருஷம் மூத்தவருக்கே பாடம் எடுக்கிறவன். இரண்டு வருஷமாக அவர் தம்பியிடம் நேரடியாக ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போதும் தங்கை மூலம்தான் சொல்லி அனுப்பினார்: அமெரிக்காக்காரன் கையெழுத்து முதலில் வரட்டும், பிறகு தான் போடுவதாக. அதுவும் ஆடி பிறப்பதற்குள் வர வேண்டும். ஆடி பிறந்துவிட்டால் பத்திரப் பேச்சையே யாரும் எடுக்கக் கூடாது. ஆடி முடிந்து அவர் மனசு எந்தப் பக்கம் திரும்பும் என்று அவருக்கே தெரியாது என்பதால் பவளம் தினமும் போன் செய்தாள்.

கிரீன் கார்டு மனு பாதியில் நின்றதால் சுப்பையனால் நேரில் போக முடியாது. ஊர் வக்கீல் ஸ்ரீநிவாசன் வழி சொன்னார். பள்ளிக்கூட சிநேகிதன் வாஞ்சிநாதனுக்குப் பவர் எழுதிக் கொடுத்தால், சுப்பையனுக்குப் பதிலாக அவன் கையெழுத்துப் போடலாம். அந்தப் பவர் பத்திரத்தில் அமெரிக்காவில் ஒரு நோட்டரி முன்னால் கையெழுத்திட வேண்டும். நோட்டரி நிஜமான நோட்டரிதான் என்று ட்ரென்டனில் உள்ள மாநில அலுவலகம் ஒரு சான்றிதழை அதோடு சேர்த்துத் தைத்துத் தர வேண்டும். அதற்கு அப்போஸ்டில் என்று பெயர்.

சுப்பையன் உடனே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். "வீட்டை விட்டு நகராமல் நோட்டரி" என்று ஒரு வெப்சைட் கூவி அழைத்தது. பதினோரு பக்க ஃபார்மை நிரப்பி, பத்திரத்தை ஸ்கேன் பண்ணி ஏற்றினான். கடைசிப் பக்கத்தில் வாழ்த்துச் சொல்லி, பத்திரத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு அருகிலுள்ள நோட்டரியிடம் நேரில் செல்லுமாறு கேட்டுக்கொண்டார்கள். மனைவி வான்மதி சோபாவில் புரண்டு சிரித்தாள்.

மறுநாள் பாங்குக்குப் போனான். நோட்டரி, மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டிக்கொண்டிருந்த ஒரு கறாரான அம்மாள். நம்ம ஊர் வழக்கப்படி ஒவ்வொரு பக்கத்திலும் மேலேயும் கீழேயும் வீட்டிலேயே கையெழுத்துப் போட்டு, கையோடு கொண்டுபோயிருந்தான். கையெழுத்துப் போடுவதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அந்த அம்மாள் அத்தனையையும் திருப்பிக் கொடுத்துவிட்டாள். வேறு பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனவன், வரிசையில் நிற்கும்போது கை சும்மா இல்லாமல் முதல் பக்கத்தில் போட்டுவிட்டான். மூன்றாவது தடவை வான்மதி அவன் சட்டைப்பையிலிருந்து பேனாவைப் பிடுங்கிக்கொண்டுதான் அனுப்பினாள்.

தபாலை நம்பாமல் ட்ரென்டனுக்கு லீவு போட்டு அவனே போனான். அரசாங்க முத்திரை புடைத்துக்கொண்டு நிற்கும் சான்றிதழோடு பத்திரம் கைக்கு வந்தபோது அவனுக்கு நெஞ்சு விம்மியது. முன் சீட்டில் கிடத்தி பெல்ட் போட்டுக் கூட்டிவந்தான்.

அதோடு நேராக கூரியர் ஆபீஸுக்குப் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தது. ஊரில் மழை, கூரியர்காரன் எப்படித் தூக்கி எறிவானோ, பவளத்தின் வாழ்க்கையே இதில்தான் இருக்கிறது என்றெல்லாம் யோசித்தான். உள்ளே போய் இருப்பதிலேயே கனமான பிளாஸ்டிக்காகக் கேட்டு, பத்திரத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்து லேமினேட் செய்துவிட்டான். கடைக்காரப் பெண் நிச்சயமாகத்தானா என்று இரண்டு தடவை கேட்டாள். இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டான். முக்கியமான காகிதம் எதுவானாலும் லேமினேட் ஆகாமல் அவன் பீரோவுக்குள் போனதில்லை. சர்டிபிகேட்டெல்லாம் அப்படித்தான் பளபளவென்று அடுக்கியிருந்தான்.

கூரியர் போய்ச் சேர்ந்ததை விடியற்காலையில் இன்டர்நெட்டில் பார்த்து, உடனே பாயசம் வைக்கச் சொன்னான். பாயசம் ஆறுவதற்குள் வக்கீலின் போன் வந்தது. ரிஜிஸ்டர் ஆபீஸிலிருந்து பேசினார். குரல் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இருந்தது. பத்திரத்தின் மேல் அவர்கள் முத்திரை குத்தி நம்பர் எழுத வேண்டுமாம், பிளாஸ்டிக்கில் மை ஒட்டவில்லையாம், பேனா வழுக்குகிறதாம். தையலைப் பிரித்ததால் அப்போஸ்டிலும் செல்லாதாம். ஆபீஸ் மொத்தமும் எழுந்து வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போயிற்றாம். பேப்பர் வந்துவிட்டதென்று பெரியவரையும் அங்கே வரவழைத்திருந்தார்கள். அவரும் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம்.

ஆடி பிறக்க மூன்று நாள் இருந்தது. சுப்பையன் படித்த முட்டாள் என்று தன்னையே திட்டிக்கொண்டான். இனி அண்ணனிடம் இருந்து கையெழுத்து வராது, பவளம் அந்த வீட்டில் யாரோ போல இருந்தே காலத்தைக் கழிக்க வேண்டியதுதான், எல்லாம் தன்னால் என்று புலம்பினான். வான்மதி இந்தத் தடவை சிரிக்கவில்லை. பாப்பாவை இழுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

அரைமணி கழித்து மறுபடி போன் அடித்தது. பவளமாக இருக்கும் என்று எடுத்தான்.

"என்றா சுப்பா, தண்ணிக்குள்ள போட்டாலும் நனையாதாட்ட இருக்குது?"

இரண்டு வருஷம் கழித்து அண்ணன் குரல். சுப்பையன் எழுந்து நின்றுவிட்டான். "தப்புப் பண்ணிட்டேனுங்ணா" என்றான். ப்ரொசீஜர் எதுவும் அவன் வாயில் வரவில்லை.

அந்தப் பக்கம் ஒரு கனைப்பு. அண்ணன் சிரிக்கிறார் என்று புரிய அவனுக்கு நேரம் பிடித்தது.

"உன்ற ப்ளஸ் டூ மார்க் ஷீட்டக் கோயமுத்தூர் வரைக்கும் பஸ்ஸுல கொண்டுபோயி பிளாஸ்டிக் போட்டுட்டு வந்தது ஆருன்னு ஞாபகம் இருக்குதா?"

"நீங்கதானுங்ணா."

"முக்கியமான காயிதத்த இப்படித்தான் வெக்கோணும்னு அன்னைக்கு நாந்தான்டா சொன்னேன். அங்க போயி பெரிய ஆளாயிட்ட, எல்லாத்தையும் மறந்துபோட்டன்னு நெனச்சிட்டு இருந்தேன். என்ற பங்குக்கு நான் இப்பத்தான் கையெழுத்துப் போட்டேன். பவளம் பக்கத்துல நின்னு அழுதுட்டு இருக்குது. நீ இன்னொண்ணு அனுப்பு. ஆடில வந்தாலும் பரவால்ல."

சுப்பையன் சரிங்ணா என்று சொன்னான். அம்மா சாவுக்கு வராததைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தான். விட்றா என்று சொல்லிவிட்டு அவர் போனைத் தங்கையிடம் கொடுத்தார். அவள் அழுகையில் ஒரு வார்த்தையும் விளங்கவில்லை.

வான்மதி மாடியிலிருந்து இறங்கி வந்தபோது அவன் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தான். பெரியவர் என்ன சொன்னார் என்று பயந்துகொண்டே கேட்டாள்.

"எல்லாத்தையும் மொதல்ல இருந்து பண்ணச் சொல்றாரு" என்று சொல்லிவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி தேம்பி அழுதான்.

"அட, இதுக்கா அழறீங்க?" வான்மதி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நாளைக்கு நானும் லீவு போடறேன். ட்ரென்டனுக்கு நானே டிரைவ் பண்றேன்."