இருபது லீற்றர் பாலைவனம்

அவுஸ்திரேலியாவின் நடுவில் ஒரு செம்மண் பாலைவனம் இருக்கிறது. ஒரு கரவன் வண்டியை வாடகைக்கு எடுத்து, அதிலேயே சமைத்து, அதிலேயே படுத்து, இரண்டு கிழமையில் அதைக் கடக்க வேண்டும் என்பது என் ஆசை. இருபத்திரண்டு வருடம் கார்தெரியில், அதுதான் குழந்தைகள் காப்பகத்தில், பிறத்தியாரின் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டு ஓய்வு பெற்றவளுக்கு இது ஒன்றும் பேராசை இல்லை.

என் கணவர் நகுலேஸ்வரனுக்கோ அது விசர் வேலையாகத் தெரிந்தது.

“அங்க முந்நூறு கிலோமீற்றருக்கு ஒரு மனிசர் இல்லையாம். ஆரோட கதைக்கிறது?”

“ஏன், நான் மனிசி இல்லையோ?” என்றேன்.

நான் விடவில்லை. கடைசியில் அவரே ஒரு நிபந்தனை போட்டார். நாங்கள் குடியேறிய செயின்ட்-மிஷேலில், எங்கள் வீட்டு வாசலில், கார் விடும் இடத்தில், ஒரு கரவனை நிறுத்துவது. சனி காலை ஆறு மணி முதல் ஞாயிறு மாலை ஆறு மணி வரை அதற்குள்ளேயே இருப்பது. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு பிளாஸ்ரிக் கானில் இருபது லீற்றர் தண்ணீர். கழிப்பறைக்கு மட்டும் வீட்டுக்குள் போகலாம், மற்றக் குழாய் எதையும் தொடக்கூடாது. தண்ணீர் ஆறு மணிவரை தாக்குப்பிடித்தால் திங்கட்கிழமை விமான ரிக்கற் போடுவார். பிடிக்காவிட்டால் நான் இனிப் பாலைவனம் என்று வாய் திறக்கக்கூடாது.

அவரோடு பேக்கரியில் வேலை செய்த ஒருவர் தன் பழைய கரவனை இரவல் தந்தார். ஜூலை மாதம், முப்பத்துமூன்று பாகை வெயில். எனக்கோ திருவிழாவுக்குப் போகிற சந்தோஷம். அந்தக் குட்டி அடுப்பில் சோறும் சொதியும் வைத்தேன். அரிசி கழுவிய தண்ணீரைக்கூட வீணாக்காமல் கோப்பை கழுவ எடுத்து வைத்தேன்.

எல்லாவற்றையும் யோசித்த நான் எங்கள் சனத்தை யோசிக்கவில்லை. ஒரு தமிழ் வீட்டு வாசலில் கரவன் நின்றால் சும்மா விடுவார்களா? மேல்வீட்டு ஜொய்சி எட்டரைக்கே வந்து கதவைத் தட்டினாள்.

“என்ன அக்கா, வீட்டை வித்துப்போட்டியளோ?”

அடுத்தது பக்கத்துத் தெரு இரவிச்சந்திரன் அண்ணை. எங்களுக்குள் சண்டை என்று கேள்விப்பட்டு, சமாதானம் பேச வந்திருந்தார்.

“சண்டையெண்டால் ஒரு ஆள்தானே அண்ணை வெளியில படுக்கிறது?” என்றேன்.

என் கணவர் ஒவ்வொருவரையும் உள்ளே ஏற்றி, கட்டிலைக் காட்டி, அலுமாரியைத் திறந்து காட்டி, தேத்தண்ணியும் கொடுத்து அனுப்பினார். பொழுதுபட முதல் பதினான்கு பேர். தேத்தண்ணிக்கு ஒரு தண்ணீர், கோப்பை கழுவ இன்னொரு தண்ணீர். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

“வேணுமெண்டே செய்யிறியள்!”

“வந்தவைக்கு ஒரு தேத்தண்ணி குடுக்காமல் என்னெண்டு அனுப்புறது?”

அது நடிப்பில்லை என்று எனக்கும் தெரியும். மீற்றர் பார்க்க வந்தவனையே பிடித்து இருத்தித் தேத்தண்ணி பருக்கிய மனுசன் அவர்.

ஞாயிறு காலை கானில் மூன்று லீற்றர்தான் இருந்தது. நான் ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தேன். காலைத் தேத்தண்ணி இல்லாவிட்டால் எனக்குத் தலை வெடிக்கும். அதையும் விட்டேன்.

“உனக்கு ஊத்தேல்லையோ, ஜெகதி?” என்று கேட்டார்.

“எனக்குப் பாலைவனம் வேணும்.”

அவர் கானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தன் கோப்பையில் பாதியை எனக்கு ஊற்றித் தந்தார்.

மத்தியானம் பாணும் சம்பலும் தின்று சமாளித்தோம். ஆனால் அந்த வெக்கைக்குக் குடிக்காமல் இருக்க முடியுமா? நாலு மணிக்கு அடியில் இரண்டு கோப்பைத் தண்ணீர் கிடந்தது. அந்த நேரம் பார்த்து, பார்க் எக்ஸ்டென்ஷனிலிருந்து பஸ் ஏறி, வேர்த்து விறுவிறுத்து வந்து இறங்கினார் சிவநேசம் அக்கா. என் கணவரின் மூத்த அக்கா. கோபித்தால் ஆறு மாதத்துக்குப் போன் எடுக்காதவர்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவரைத் தேத்தண்ணி இல்லாமல் அனுப்ப எனக்கே மனம் வரவில்லை. கேத்தலை நானே எடுத்தேன். இவர் அதை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார்.

“அக்கா, தேத்தண்ணி இல்லை.”

“பால் முடிஞ்சுதோ? பிளேன் ரீ தா.”

“தண்ணி இல்லை அக்கா.”

“அப்ப உந்தக் கானுக்குள்ள கிடக்கிறது என்ன?”

“அது தரேலாது. ஆறு மணி மட்டும் அது கிடந்தால்தான் அவுஸ்திரேலியா. ஜெகதி ஆசைப்படுறா. நானும் போகப்போறன்.”

முப்பத்தொரு வருடத்தில் வாசலுக்கு வந்த ஒருவரிடம் இந்த மனுசன் ‘இல்லை’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. அதுவும் அக்காவிடம். அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் அமர்ந்தார்.

“எத்தினை மணிக்கு முடியும் உங்கட கூத்து?”

“ஆறுக்கு.”

“அப்ப ஆறு மட்டும் இருக்கிறன். தேத்தண்ணி குடிக்காமல் போக நான் என்ன பிறத்தியோ?”

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணீரும் வந்து முகமெல்லாம் நனைந்துவிட்டது. முகம் கழுவ ஒரு சொட்டுத் தண்ணி தாங்கோ என்று இவரிடம் கையை நீட்டினேன்.

“ஆறு மணிக்கு,” என்றார்.