ஒன்பதாயிரத்து நானூறு

அவள் அண்ணனின் ரத்தம் மற்ற நோயாளிகளின் ரத்தக் குழாய்களோடு ஒரே தட்டில்தான் வந்தது. மருத்துவமனையில் எல்லாருக்கும் அவள் லேப் அக்கா. பதினெட்டு வருடமாக அதே ஜன்னலோர மேசை, அதே மைக்ராஸ்கோப்.

அண்ணனுக்கு லேத் பட்டறையில் வேலை. ஒரு வாரத்துக்கு முன் லேத் சீவித்தள்ளிய இரும்புச் சுருள் ஒன்று கணுக்காலைக் கிழித்தது. "லேத்தே என்னைப் பாத்தா பயப்படும், இந்தச் சுருள் என்ன பண்ணிடும்" என்று கந்தல் துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைப் பார்த்தார். கால் வீங்கி, ஜுரத்தில் பிதற்ற ஆரம்பித்த பிறகுதான் கொண்டுவந்து சேர்த்தார்கள். அன்று வெள்ளை அணுக்கள் இருபத்தெட்டாயிரம். பதினோராயிரத்துக்குள் இருக்க வேண்டும் என்று நர்ஸ் சொன்னதை அண்ணி கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலை மெஷின் ஒன்பதாயிரத்து நானூறு என்று காட்டியது. ஜுரம் கொஞ்சமும் இறங்காதவருக்கு எண் மட்டும் எப்படி இறங்கும்? லேப் அக்கா ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் இழுத்துச் சாயமேற்றிப் பார்த்தாள். முற்றிய அணுவின் கரு மூன்று நான்கு துண்டாகப் பிரிந்திருக்கும். இங்கே அப்படிப்பட்டவை அபூர்வம். பெரும்பாலானவற்றில் கரு பிரியாமல் லாடம் போல வளைந்து கிடந்தது. எல்லாம் பிஞ்சு.

தாளை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினாள். அறுவை மருத்துவர் வாசித்துவிட்டுத் தலையாட்டினார்.

"அழுகின கருப்பு முழங்கால் வரைக்கும் ஏறிடுச்சு. இன்னைக்கே காலை எடுத்தாகணும். உங்க அண்ணி கையெழுத்துப் போட மாட்டேங்கறாங்க."

அண்ணி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"நார்மல் ஆயிடுச்சுன்னு நர்ஸே சொல்லிட்டாங்க. இப்பப் போய் காலை எடுக்கணுமா?"

"குறைஞ்சது நல்லதுக்கு இல்ல, அண்ணி."

"கூடினாலும் கெட்டது, குறைஞ்சாலும் கெட்டதா? என்னை என்ன பைத்தியக்காரின்னு நினைச்சியா?"

லேப் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தாள். "வெள்ளை அணு எலும்புக்குள்ளதான் உண்டாகுது, அண்ணி. காயத்துல கிருமி சேந்தா, இன்னும் அனுப்புன்னு உடம்பு எலும்புக்குத் தகவல் கொடுக்கும். எலும்பு மொதல்ல கையிருப்பை அனுப்பும், அப்புறம் புதுசா வேகவேகமா உண்டாக்கும். வியாதி அடங்கினா தகவலும் அடங்கும், எண்ணிக்கை தானா இறங்கும். அப்படி இறங்கியிருந்தா நானே உங்ககிட்ட ஓடிவந்து சொல்லியிருப்பேன். இது அப்படி இல்ல. காலுக்குப் போறதெல்லாம் அங்கேயே செத்துப்போகுது. எலும்பால ஈடுகொடுக்க முடியல. பாதி வளந்ததையெல்லாம் வெளிய தள்ளுது. என் கண்ணால பாத்துட்டு வரேன்."

அண்ணி அவள் பக்கம் திரும்பினாள்.

"எடுத்தா பொழைச்சிடுவாரா?"

தெரியாது என்றுதான் சொல்லியிருக்க வேண்டும்.

"பொழைச்சிடுவாரு, அண்ணி."

அண்ணி கையெழுத்துப் போட்டாள். மத்தியானம் முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்தார்கள். மறுநாள் எண்ணிக்கை ஆயிரத்து எண்ணூறு. தகட்டில் அணுவைத் தேடித் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. அதற்கு அடுத்த நாள் சாப்பாட்டு நேரத்தில் அண்ணனுக்கு மூச்சு நின்றது.

அண்ணி அழவில்லை. போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடப்பதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அந்தக் காலையாவது வாங்கிக் குடு. சேத்து அனுப்பணும்."

லேப் அக்கா மருத்துவமனையின் பின்கட்டுக்குப் போனாள். கழிவுகளை எரிக்கும் ஆள் கையுறையைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றான்.

"நேத்தே எரிச்சாச்சு, அக்கா. யாரும் கேக்கல."

"நான் கேட்டிருக்கணும்," என்றாள்.

திரும்பி வந்து அண்ணியிடம் மறைக்காமல் சொன்னாள்.

"பொழைச்சிடுவாருன்னு சொன்னியே."

"சொன்னேன், அண்ணி."

உடலைக் கொடுப்பதற்கான தாளைக் கையெழுத்துக்காக ஊழியர் நீட்டினார். அண்ணி அதைக் கையால் தொடவே இல்லை.

"நீயே போடு," என்றாள்.

லேப் அக்கா பேனாவை வாங்கி, உறவு என்ற இடத்தில் தங்கை என்று எழுதினாள்.