ஒன்று தசம் மூன்று வோல்ட்

நதீராவின் பெயரை வெட்டிவிட்டார்கள். இருபத்து மூன்று நாளாகப் பட்டியலின் உச்சியில் இருந்த பெயர், செவ்வாய்க்கிழமை காலையில் போனைத் திறந்து பார்த்தால் இல்லை.

என்ன பட்டியல் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். கணினிக்குள் படத்தைத் தீட்டித் திரைக்கு அனுப்புகிற ஒரு பலகை இருக்கிறது, கிரபிக்ஸ் கார்ட் என்பார்கள். அதைச் செய்தவன் சொன்ன வேகத்துக்கு மேலே ஓட்டிப் பார்க்கிற பைத்தியங்கள் இந்த நாட்டில் ஒரு நூறு நூற்றைம்பது பேராவது இருப்பார்கள். ஓட்டி முடித்தால் ஒரு புள்ளி விழும். யாருக்கு எவ்வளவு என்று கொழும்பில் துலக்சன் என்பவர் ஒரு பட்டியல் வைத்திருந்தார். அதில்தான் கல்முனைச் சந்தைக்குப் பின்னாலுள்ள ஒழுங்கையில் கணினி திருத்துகிற நதீரா முதலாவதாக நின்றாள்.

துலக்சன் காரணமும் எழுதியிருந்தார். அந்தப் பழைய மாதிரிக் கார்ட் ஒன்று தசம் இரண்டு வோல்ட்டுக்கு மேல் போகாது, கம்பனியே பூட்டி வைத்திருக்கிறது, ஒன்று தசம் மூன்று காட்டி நீங்கள் சாட்சிக்கு அனுப்பிய படம் கைவேலை செய்த படம். கீழே யாரோ ஒருவன் சிரிப்புப் போட்டிருந்தான்: "சிஸ்டர் நல்லா டிசைன் பண்றாங்க. கலியாணக் காட் அடிக்கக் குடுக்கலாம்."

நதீராவுக்குத் தோற்றிருந்தால் கவலையில்லை. கள்ளி என்று சொல்லிவிட்டார்களே, அதுதான் நெஞ்சில் முள்ளாக நின்றது.

பூட்டு இருந்தது உண்மைதான். கார்டிலே அரிசிமணியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு சில்லு. எத்தனை வோல்ட் குடிக்கலாம் என்ற சட்டம் அதற்குள் எழுதியிருக்கும். நதீரா அந்தச் சட்டத்தை அப்படியே பிரதி எடுத்தாள். எண்களாக விரித்து, வோல்ட்டேஜ் வரி எது என்று இரண்டு மாதம் தேடினாள். கண்டுபிடித்து எண்ணை மாற்றினாள். ஓரிடத்தில் மாற்றினால் கடைசியில் சரிபார்க்கிற கூட்டுத்தொகை பிழையாகிவிடும், பிழையானால் கார்ட் கண்ணையே திறக்காது. பதினேழு தரம் திரை கறுத்தது. பதினேழு தரமும் சில்லின் எட்டுக் கால்களையும் கிளிப்பால் கவ்விப் பழைய சட்டத்தைத் திரும்ப எழுதி உயிர் கொடுத்தாள். பதினெட்டாவது தரம் கார்ட் ஒன்று தசம் மூன்று வோல்ட்டைக் குடித்துவிட்டு நிமிர்ந்து நின்றது.

இவ்வளவும் செய்தவளைப் பார்த்துக் கைவேலை என்றால்?

"எல்லாரும் பாக்க நேரலையில செஞ்சு காட்டுறன்" என்று எழுதினாள். துலக்சன் ஒப்புக்கொண்டார். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு, அவர் வேலை செய்யும் கந்தோரின் சாப்பாட்டு நேரம். ஒரு மணிக்குள் அவளுடைய பழைய புள்ளியான இருபதினாயிரத்துத் தொளாயிரத்து எண்பதைத் தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால் பெயர் இனி ஒருநாளும் ஏறாது.

"ஜும்ஆத் தொழுகை நேரமா?" என்றான் அவளுடைய கணவன் பர்ஸான். கடையின் முன்பக்கத்தில் போன் கவர் விற்பவன் அவன்; பின்பக்கம் அவளுடைய ராச்சியம். "நான் பள்ளியில இரிப்பன். நீ தனிய என்ன செய்யப் போறாய்?"

"நல்லதுதானே. ஊரே பள்ளிக்குள்ள இரிக்கும். லைன் நல்லா வரும்."

அதுவும் கணக்கான பேச்சுத்தான். மற்றப் பகல்களில் மர ஆலையும் இரும்பு ஒட்டுப் பட்டறையும் அரிசி ஆலையும் சேர்ந்து இழுக்க, அந்த ஒழுங்கைக்கு வரும் மின்சாரம் மெலிந்துபோகும். அதனால் மேசைக்குக் கீழே, மெலிந்த லைனைத் தூக்கிக் கொடுக்கிற ஓர் இரும்புப் பெட்டி வைத்திருந்தாள். அதன் திருகு எப்போதும் உச்சத்திலேயே நிற்கும். போன மாதம் விடிய சுபஹு தொழுத கையோடு அவள் அந்தப் புள்ளியை எடுத்தபோதும் மர ஆலை முந்திக்கொண்டுவிட்டது; லைன் இளைத்தே கிடந்தது.

வெள்ளிக்கிழமை. கடைக் கதவைப் பாதி இறக்கி, பர்ஸான் தொப்பியைச் சரிசெய்தான். "கார்ட எரிச்சாலும் பரவால்ல புள்ள, கடைய எரிச்சிராத."

"துஆக் கேளுங்க, போங்க!"

அவன் போன வழியாலே வசந்தினி வந்தாள். காரைதீவுக்காரி, சந்தையில் மீன் விற்பவள், நதீராவின் கூட்டாளி. இடுப்பில் மீன் பெட்டி, கையில் ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பெட்டி நிறைய ஐஸ். கார்டின் விசிறிகளைக் கழற்றிவிட்டு, கடைசல் பட்டறையில் செய்வித்த தடித்த செப்புக் குவளையை அதன் நெஞ்சில் முறுக்கி வைத்திருந்தாள் நதீரா. ஈரம் பட்டு ஷோர்ட் ஆகாமல் சுற்றிவர வாஸ்லீன் அப்பியிருந்தது.

"என்னகா இது? புள்ளைக்குச் சிரங்குக்குப் பூசின மாதிரிப் பூசி வெச்சிரிக்காய்."

"கதைக்காம ஐஸப் போடு. உப்புக் கொண்டந்தியா?"

"உப்பில்லாம ஐஸா? உப்புப் போட்டாத்தான் கடுங்குளிர் வரும். மீன்காரிக்குச் சொல்லித் தாறாய் நீ!"

பன்னிரண்டரை. நேரலைக்குப் போனை நிமிர்த்தி வைத்து, அதன் சார்ஜரையும் கணினி தொங்கும் இரும்புப் பெட்டியிலே செருகினாள். நாற்பத்தாறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் சில்லைக் காட்டினாள், பிறகு பழைய சட்டத்தை, பிறகு புதியதை. கண்முன்னே எழுதினாள். வோல்ட் மீற்றரின் ஊசிகளைக் கார்டின் முதுகில் வைத்தாள். ஒன்று தசம் மூன்று.

"மீற்றர் சரி சிஸ்டர்," என்றார் துலக்சன், திரையில் சோற்றைப் பிசைந்தபடி. "ஆனா அதோட ஓடி முடிக்கணும்."

பிஸ்மி சொல்லித் தொடங்கினாள். திரையில் காடும் அருவியும் பறந்தன. குவளையிலிருந்து வெண்புகை எழும்பியது. வசந்தினி ஐஸை அள்ளி அள்ளிப் போட்டாள். முக்கால்வாசி முடிந்தது. இன்னும் ஒரே ஒரு காட்சி.

டக்.

எல்லாம் இருண்டது.

போன் திரையில் சொற்கள் மழையாகக் கொட்டின. எரிஞ்சிட்டு. ஜனாஸா அடக்கம் எத்தன மணிக்கு? துலக்சன் மெதுவாகச் சொன்னார், "கம்பனி பூட்டினது காரணத்தோடதான் சிஸ்டர். பரவாயில்ல."

"செத்துட்டாகா?" என்றாள் வசந்தினி.

நதீரா குனிந்து மணந்து பார்த்தாள். கருகல் மணமில்லை. நிமிர்ந்தவளின் கண் போனின் மூலையில் விழுந்தது. சார்ஜ் ஏறுகிற அடையாளம் அங்கே இல்லை.

கார்ட் செத்தால் போனுக்கு வரும் கரண்ட் ஏன் நிற்க வேண்டும்?

மேசைக்குக் கீழே பாய்ந்தாள். இரும்புப் பெட்டியின் ஊசி சிவப்பில் கிடந்தது. ஊரின் ஆலைகளெல்லாம் ஒவ்வொன்றாகத் தொழுகைக்கு ஓய்ந்ததில் லைன் நிறைந்து வந்திருக்கிறது. உச்சத்திலே நின்ற திருகு அதை இன்னும் தூக்கியிருக்கிறது. தாங்காமல் பெட்டி தானே அறுத்துக்கொண்டது. மெலிந்த லைனுக்கே பழகிய கை, திருகை இறக்க நினைக்கவில்லை.

"அட அறிவு கெட்டவளே!" என்று தன்னைத்தானே ஏசினாள். ஆனால் சிரித்துக்கொண்டே ஏசினாள். "கார்டுக்கு ஒண்டுமில்ல! குத்தம் பெட்டியில!"

"சிஸ்டர், பன்னிரண்டு நாப்பத்தாறு."

"ஒரு மணி வரைக்கும் எண்டுதானே கத? சோத்தத் திண்ணுங்க, வாறன்."

பெட்டியைப் பிடுங்கி எறிந்தாள். கணினியை நேரே சுவரில் செருகினாள். விசிறி உறுமியது. கார்ட் கண் திறந்தது. ஒன்று தசம் மூன்று.

"வசந்தினி, ஐஸ்!"

"முடிஞ்சிதுகா."

"மீன் பெட்டியில?"

"அது என்ட பாரைக்கு மேல கெடக்கிற ஐஸ். அத எடுத்தா மீன் நாறிப்போகும்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வசந்தினி முந்தானையை இடுப்பில் செருகினாள். "நாறினாக் கருவாடு போடுவன். நீ ஓட்டு!"

பாரையின் செதில் ஒட்டிய ஐஸ் குவளைக்குள் விழுந்தது. மறுபடியும் காடு, அருவி. முக்கால்வாசி. கடைசிக் காட்சி. அந்தக் காட்சியும் ஓடியது, ஓடி முடிந்தது, திரை வெளுத்தது.

இருபத்தோராயிரத்து இருநூற்று நாற்பது.

போன் பித்துப் பிடித்தது போலானது. கலியாணக் காட் என்று எழுதியவனே கைதட்டுகிற படத்தை வரிசையாகப் போட்டான். வசந்தினி ஐஸ் கையோடு அவளைக் கட்டிப்பிடித்தாள். இரண்டு பேருடைய உடுப்பும் மீன் மணத்தது.

துலக்சன் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் பிழையா எழுதிட்டன் சிஸ்டர். படம் கைவேலை எண்டு சொன்னத எல்லாருக்கும் முன்னால வாபஸ் வாங்குறன். முதலாமிடம். என்ன பேர் போட? கடைப் பேரா, ஹஸ்பண்ட் பேரா?"

"செவ்வாய்க்கிழம எந்தப் பேர வெட்டினீங்க?"

"நதீரா."

"அதையே போடுங்க. பக்கத்துல கல்முனை எண்டும் போடுங்க. ஐஸ் வசந்தினி, காரைதீவு எண்டும் போடுங்க."

"ஐஸுக்கெல்லாம் பட்டியல்ல இடமில்லயே, சிஸ்டர்."

"இடம் ஆக்குங்க. ஒரு வரியக் கூட்டுறதுக்கு எனக்கு ரெண்டு மாசம் போச்சு. உங்களுக்கு ரெண்டு நிமிசம் போதும்."

அவர் சிரித்தார். ஒரு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் பட்டியல் புதுப்பிக்கப்பட்டது. இரண்டு பெயர்களும் இருந்தன. வசந்தினி தன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தாள். திரையில் ஒரு செதில் ஒட்டிக்கொண்டது.

பள்ளி விட்டு ஒழுங்கையில் செருப்புச் சத்தம் கேட்கத் தொடங்கியது. பாதிக் கதவுக்குக் கீழாகக் குனிந்து வந்தான் பர்ஸான். "என்ன, எரிஞ்சிட்டா?"

"வேளைக்கு வந்திட்டீங்க. மர ஆலக்காரர் சோறு திண்டு வாறதுக்குள்ள, மிச்ச ஐஸில இன்னும் ஒரு தரம் ஓட்டலாம்."

"மறுகா என்னத்துக்கு? தோத்திட்டியா?"

"வெண்டுட்டன்." நதீரா கிளிப்பைத் திரும்பவும் கையிலெடுத்து, அந்த வரியைத் திறந்தாள். "அது அவங்களுக்கு ஓட்டினது. இது எனக்கு."

ஒன்று தசம் மூன்று ஐந்து என்று எழுதினாள்.