மனித உரிமை மீறல் தின விழா

ஜீவா செய்த தப்பு ஒரே ஒரு சொல். அதையும் அவன் சேர்க்கவில்லை, எடுத்தான். "மனித உரிமை மீறல் தடுப்பு தின விழா" என்றுதான் விழாக் குழு எழுதிக் கொடுத்திருந்தது. கூடவே ஆறு அதிகாரிகளின் போட்டோக்களும் வந்தன. ஆம்பூருக்குப் பக்கத்தில் ஃப்ளெக்ஸ் கடை வைத்துப் பிழைக்கிறவனுக்குத் தமிழ் இலக்கணம் தெரியாவிட்டாலும் மூஞ்சி இலக்கணம் தெரிய வேண்டும். பெரியவர் மூஞ்சி பெரிதாக, அடுத்தவர் மூஞ்சி அதைவிடக் கொஞ்சம் சின்னதாக, ஆனால் அவர் மனசு நோகிற அளவுக்குச் சின்னதாக இல்லாமல். ஆறு பேரையும் அடுக்கி முடித்தபோது எழுத்துக்கு இடம் போதவில்லை. ஒரு சொல் போனால் என்ன, விழா விழாதானே என்று "தடுப்பு" என்பதைத் தூக்கிவிட்டு பிரியாணி சாப்பிடப் போய்விட்டான்.

மறுநாள் காலை பைபாஸ் ஓரத்தில் ஆறு அதிகாரிகளும் சிரித்த முகத்தோடு கைகூப்பி நின்றார்கள்: "மனித உரிமை மீறல் தின விழா. அனைவரும் குடும்பத்தோடு வருக!"

ஷூ கம்பெனி வேன்கள் வரிசையாக நின்றன. பெண்கள் ஜன்னல் வழியே போட்டோ எடுத்தார்கள். உண்மையை இவ்வளவு பெரிய எழுத்தில் இதுவரை யாரும் போட்டதில்லை என்று யாரோ வாட்ஸப்பில் பாராட்டியும் விட்டார்கள். அதற்குப் பிறகு போலீஸ் வர எவ்வளவு நேரம் ஆகும்?

ஃப்ளெக்ஸில் கடையின் பெயர் இல்லை. அதற்கும் இடம் போதவில்லை. கம்பத்தின் மேலே கயிற்றை இறுக்கிக்கொண்டு காசிதான் இருந்தார். டேனரியில் தோல் அலசுகிற வேலை அவருக்கு. அது இல்லாத நாளில் ஜீவாவுக்கு ஃப்ளெக்ஸ் கட்டுவார். எழுதப் படிக்கத் தெரியாது. அவரைப் பொறுத்தவரை அது ஆறு பேர் சிரிக்கிற ஒரு படம். போலீஸ்காரர்கள் அவரை இறக்கி ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மத்தியானம் காசியின் மனைவி பூவம்மாள் கடைக்கு வந்தாள்.

"ஜீவா, உங்க அண்ணனைக் காணோம்ப்பா. ஸ்டேஷன்ல போய்க் கேட்டா அப்படி யாரையும் இட்டாரலன்றாங்க."

"விட்ருவாங்க அண்ணி. அவரு பீடி நாத்தம் தாங்காம அவங்களே தொரத்திருவாங்க."

"எனக்கு சிரிப்பு வரலடா. உசுரோட இருக்காரா, அத மட்டும் கேட்டுச் சொல்லு."

ஜீவா கடை ஷட்டரை இறக்கினான். பைக்கை எடுத்தான்.

ஸ்டேஷனில் ரைட்டர் மட்டும் இருந்தார். "காசியா? ரயில் புடிச்சுப் போ, ரெண்டு நாள்ல போயிரலாம்."

"ஆளு பேரு சார். பைபாஸ்ல உங்க ஜீப்புல ஏத்துனாங்களே."

"எந்த ஜீப்பு? ஜீப்பு ரிப்பேரு."

ரிப்பேரான ஜீப் வாசலில் அப்போதுதான் கழுவிய ஈரத்தோடு நின்றது.

"ஆமா, நீ அவனுக்கு இன்னா வேணும்?"

'அந்த ஃப்ளெக்ஸை...' என்று ஆரம்பித்த வாக்கியம் ஜீவாவின் நாக்கு நுனிவரை வந்து, மேஜைமேல் இருந்த லத்தியைப் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போனது. "தெரிஞ்சவன் சார்" என்றான். தன்னை வீரன் என்று அவன் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை, நல்லவேளை.

"இன்ஸ்பெக்டர் விழாவுல இருக்காரு. பேஜார் பண்ணாம அங்க போய்க் கேளு."

கல்யாண மண்டபத்து மேடையில் புது ஃப்ளெக்ஸ், வேறு கடையில் போட்டது. "தடுப்பு" மட்டும் சிவப்பில், ஆறு மூஞ்சிகளைவிடப் பெரிதாக இருந்தது. அதன் கீழே பெரிய அதிகாரி மைக்கைப் பிடித்துக்கொண்டு உலகத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். ஒரு நாட்டில் பத்திரிகைக்காரர்களைச் சிறையில் போடுகிறார்கள். இன்னொரு நாட்டில் அகதிகளைக் கடலிலேயே விட்டுவிடுகிறார்கள். வேறொரு நாட்டில் ஆளைத் தூக்கிப் போய்விட்டு, தெரியாது என்கிறார்கள்.

"ஒருவரைப் பிடித்தால், எங்கே வைத்திருக்கிறோம் என்று குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும். அது அரசின் கடமை. சொல்லாத அரசு அரசே அல்ல!"

முன்வரிசையில் இன்ஸ்பெக்டர்தான் ஜாஸ்தி கைதட்டினார்.

கேள்வி நேரத்தில் ஜீவா எழுந்தான்.

"சார், ஒருத்தரைக் காலைல போலீஸ் ஜீப்புல ஏத்துனாங்க. இப்ப ஸ்டேஷன்ல அப்படி ஆளே இல்லன்றாங்க. அவரு வீட்டம்மா அழுதுட்டு இருக்காங்க."

அதிகாரி முகம் மலர்ந்தது. "அருமையான கேள்வி. எந்த நாட்டுல?"

"நம்ம பைபாஸ்ல சார்."

மண்டபமே சிரித்தது. நாலு பேரைச் சிரிக்க வைக்கத்தான் ஜீவா காலமெல்லாம் பாடுபட்டிருக்கிறான். அன்றைக்கு அந்தச் சிரிப்பைக் கேட்டு அவனுக்குக் காது கூசியது.

"லோக்கல் பிரச்சினைக்குத் தனி செல் இருக்கு. நாம இங்க உலக அளவுல பேசிட்டிருக்கோம். அடுத்த கேள்வி?"

தனி செல்லுக்கு யார் பொறுப்பு என்று பக்கத்து நாற்காலிக்காரரைக் கேட்டான். அவர் முன்வரிசையைக் காட்டினார். கைதட்டிய அதே இன்ஸ்பெக்டர்.

சாப்பாட்டுக் கூடத்து வாசலில் ஹெலன் டியூட்டியில் நின்றாள். அதே ஸ்டேஷன் கான்ஸ்டபிள், ஜீவாவுக்கு எதிர்வீடு.

"அக்கா," என்றான். வழக்கமான கிண்டல் ஒன்றும் வாயில் வரவில்லை. "காசி அண்ணன் எங்கக்கா?"

ஹெலன் இரண்டு பக்கமும் பார்த்தாள். தண்ணீர் பாட்டில் பெட்டி ஒன்றை அவன் கையில் திணித்து, "இத எடுத்துட்டு வா" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் பின்வாசலுக்கு நடந்தாள். அங்கே பாத்திரம் கழுவுகிற சத்தத்துக்கு நடுவில் நின்றாள்.

"ஸ்டேஷன் மாடியில இருக்காரு. உசுரோட இருக்காரு. கேஸ் எதுவும் எழுதல. விழாக் குழு எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு கைகழுவிட்டாங்க. ஃப்ளெக்ஸ் யாரு அடிச்சதுன்னு இவரக் கேட்டாங்க, வாயே தொறக்கல. நீ அடிச்சதுக்கு அவரு அடி வாங்கிட்டிருக்காரு தம்பி. ஒரு கை தூக்க வரல."

பெட்டி ஜீவாவின் கையில் கனத்தது. "நான்தான்னு போய்ச் சொல்லிட்டா விட்ருவாங்களாக்கா?"

"விடமாட்டாங்க. உன்னையும் மாடிக்கு ஏத்துவாங்க. வக்கீலோட போ. பூவம்மா அக்காவையும் கூட்டிட்டுப் போ. இவங்க சாப்ட்டு முடிச்சு அங்க வர்றதுக்குள்ள போ. மாடியில இருக்காருன்னு யாரு சொன்னதுன்னு கேப்பாங்க. என் பேரச் சொல்லு."