நேராக்கிய முழங்கால்

ஏழு தலைமுறையாக எலும்பு கட்டும் குடும்பம் எங்களுடையது. அத்பாஷி பள்ளத்தாக்கில் எங்கள் கைபட்டுக் கோணிய கால் ஒன்றும் கிடையாது. ஆகவே, குதிரைமேல் இருந்தபடி ஆட்டு உடலைப் பறித்து விளையாடும் எங்கள் ஊர்ப் போட்டியில் என் மகன் மெலிஸ் விழுந்து, முழங்கால் பக்கவாட்டில் திரும்பிக் கிடந்தபோது எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். அப்போது நடுப்பகல். ஒரே இழுப்பில் மூட்டு உள்ளே போனது. கால் நேரானது. எதிர் ஊர்க்காரர்கள்கூடத் தலையசைத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் செம்மறி அறுத்து, சூடு ஆறாத தோலைத் தொடையிலிருந்து கால்விரல்வரை இறுகச் சுற்றினேன். அது எங்கள் வழக்கம்.

மெலிஸின் மனைவி ஜிபார் ஊர் சுகாதார நிலையத்தில் செவிலி. எங்களில் மருமகள் மாமனாரின் பெயரைச் சொல்ல மாட்டாள்; அவர் முன்னால் குரலை உயர்த்த மாட்டாள். மூன்று மணிக்கு வேலையிலிருந்து வந்தவள், யாரையும் கேட்காமல் கத்தரியை எடுத்துத் தோலைப் பாதத்திலிருந்து மேல்வரை வெட்டினாள். வீடு நிறைய அவனைப் பார்க்க வந்த விருந்தாளிகள். என் முகம் எரிந்தது.

"கட்டினவன் இன்னும் உயிரோடதான் இருக்கேன்" என்றேன்.

"இருங்க மாமா. இருந்து, இதைத் தொட்டுப் பாருங்க."

என் விரலைப் பிடித்து மகனின் நல்ல பாதத்தின் மேல் வைத்தாள். நாடி துள்ளியது. அடிபட்ட பாதத்தில் வைத்தாள். ஒன்றுமில்லை. மெழுகுபோல் வெளுத்து, அத்தனை சூட்டுத் தோலுக்குள்ளும் சில்லிட்டிருந்தது. கிள்ளினேன், அவனுக்குத் தெரியவில்லை. கெண்டைக்கால் கல்லாக இறுகியிருந்தது.

"முட்டிக்குப் பின்னால பெரிய ரத்தக்குழாய் போகுது. மூட்டு விலகினப்ப அது கிழிஞ்சிருக்கணும். எலும்பு நேராயிடுச்சு, கால் செத்துக்கிட்டிருக்கு. ஆறு மணி நேரம்தான் தாங்கும். மூணு போயிடுச்சு."

இன்னொரு செம்மறி அறுத்தால் குளிர் விட்டுவிடும் என்று ஒரு விருந்தாளி கேலி செய்தார். சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஐம்பது வருடம் முழங்கால்களை நேராக்கியிருக்கிறேன். ஒருநாளும் பாதத்தில் விரல் வைத்துப் பார்த்ததில்லை.

எழுந்து நின்றேன். "நான் கட்டினது தப்பு. வழி விடுங்க."

கெடு முடியுமுன் போய்ச் சேர்ந்த நகரத்து மருத்துவமனையில் மற்ற காலிலிருந்து ஒரு ரத்தக்குழாயை எடுத்துக் கிழிந்த இடத்தில் தைத்தார்கள். உள்ளழுத்தம் குறைய, இறுகிய கெண்டைக்காலையும் கீறித் திறந்துவிட்டார்கள்.

மறுநாள் காலை ஜிபார் அந்தக் காலின் கட்டைவிரல் நகத்தை அழுத்திவிட்டுக் கையை எடுத்தாள். வெளுத்தது, பிறகு சிவப்பு ஓடி வந்தது. நானும் அழுத்தினேன். எங்கேயோ நெஞ்சில் கிளம்பிய ரத்தம், நான் அறியாத வழியெல்லாம் கடந்து அந்த நகத்தடிக்கு வந்து சேர்ந்தது. மறுபடி அழுத்தினேன். மறுபடியும்.

"போதும் மாமா, நகம் தேஞ்சிடும்" என்றாள்.

எனக்குப் போதவில்லை.