உள்ளே ஒரு தாழ்ப்பாள்

ஐப்பசித் திங்கள் பிறந்துவிட்டால் கீழ்வானம் மௌன விரதம் பூண்டுவிடும். மரக்காணத்துக் கடற்பக்கமிருந்து மேகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கரையேறும்; ஏறியவை திண்டிவனத்து ஏரிகளின்மேல் கவிந்து நிற்கும்; பொழியா. காற்று அடங்கும். புளியமரத்தின் இலை அசையாது. நீர் தேங்கிய நாற்றங்காலும், வேர்க்கடலையாம் மல்லாட்டை பிடுங்கி வெறுமையான கொல்லையும் ஒரே சாம்பல் நிறம் பூண்டு, நடை திறக்கக் காத்திருக்கும் அடியார் கூட்டம்போலத் தலைதாழ்ந்து கிடக்கும். வரப்போவது அருளா, வெள்ளமா என்று எவரும் அறியாத அந்நாள்களில் உழவர் பேச்சுகூடத் தணிந்த குரலில்தான் நடக்கும்.

அந்தக் கனத்த வானத்தின் கீழ், கிளியனூர்ச் சாலையில் பேருந்தைவிட்டு இறங்கிய தையல்நாயகிக்கு மட்டும் வானத்தை அண்ணாந்து பார்க்கும் பொறுமை இல்லை. மனநல மறுவாழ்வு இல்லத்தின் சமூகப் பணியாளர் அவள். நோய் தணிந்தவர்களை மறுபடியும் உலகத்தோடு ஒட்டவைப்பது அவள் தொழில். விழுப்புரத்தில் இல்லத்தின் செயலாளரைப் பார்த்துவிட்டு, வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டே வந்திருந்தாள். அத்தனைக்கும் காரணம் ஒரு தாழ்ப்பாள்.

அந்த இல்லம் நூறாண்டைக் கடந்தது. வெள்ளைக்காரர் காலத்தில் அதன் பெயர் பைத்தியக்கார ஆஸ்பத்திரி. பிறகு மனநோய் மருத்துவமனை ஆயிற்று. இப்போது மறுவாழ்வு இல்லம். ஒவ்வொரு பெயரையும் முந்தியதன் மேலேயே எழுதியதால், வெயில் சாயும்போது முகப்பு வளைவில் மூன்று பெயரும் சேர்ந்தே தெரியும். செங்கற்சுவர், தேக்கு உத்தரம், நடுவில் பெரிய முற்றம். யாரும் மோதிக் காயப்படக் கூடாதென்று சுவர்முனைகளை எல்லாம் உருண்டையாகப் பூசியிருந்தார்கள். கட்டியவர்களுக்கு இரக்கம் இருந்தது, நம்பிக்கைதான் இல்லை. சன்னல்கள் ஆள் உயரத்துக்கு மேலே இருந்தன. கதவுதோறும் வெளியிலிருந்து எட்டிப் பார்க்க ஒரு கண்துளை. தாழ்ப்பாள் வெளிப்புறத்தில் மட்டும்.

அந்தக் கூரை இனி ஒரு மழையைத் தாங்காது என்று ஆனபின், நலமடைந்தும் அழைத்துப்போக ஆளில்லாத பெண்களுக்காகப் பக்கத்திலேயே புதிய வீடு ஒன்று எழும்பியது. ஆளுக்கொரு தனி அறை. திட்டம் போட்ட கூட்டத்தில் தையல்நாயகி எழுந்து, பழைய கட்டடத்தில் இருப்பதுபோல முற்றமும் தாழ்வாரமும் வேண்டும் என்றாள். இல்லத்தின் நிர்வாகக் குழுவினர் மகிழ்ந்து, நம் வரலாறு அழியக்கூடாது, எல்லாம் பழையபடியே அமையட்டும் என்று தீர்மானம் போட்டார்கள். கட்டட ஒப்பந்தக்காரர் வல்லரசு சொன்ன சொல் தவறாதவர். பழைய கட்டடத்தை அங்குலம் அங்குலமாக அளந்துகொண்டு போய்விட்டார்.

சாரம் பிரித்த அன்றுதான் தையல்நாயகி புதிய அறைகளைப் பார்த்தாள்.

"இது என்னங்க?"

"தாழ்ப்பாளு மேடம்."

"அது தெரியுது. ஏன் வெளியில இருக்குது?"

வல்லரசுவின் முகம் மலர்ந்தது. "பழைய ஆஸ்பத்திரியில அப்படித்தான மேடம் இருக்குது! மாதிரிக்கு ஒன்ன கயட்டி எடுத்துக்கினு போயி, விழுப்புரத்துப் பட்டறையில சொல்லி அடிச்சது. இந்த இரும்பு கடையில கிடைக்கவே கிடைக்காது. புடிச்சுப் பாருங்க, இன்னா கனம்!"

"நான் முற்றத்தைச் சொன்னேங்க."

"முற்றமும் இருக்குதே மேடம்."

"ஜன்னல் ஏன் அவ்ளோ மேல?"

"அதுவும் பழசு மாதிரியேதான். உள்ள நின்னுக்கினு எட்டிப் பார்க்கவே முடியாது" என்றார் பெருமையோடு. "கதவுல எட்டிப் பார்க்கற அந்த ஓட்டை போடத்தான் மேடம் தச்சருக்குக் கையே விட்டுப்போச்சு."

உள்ளே ஒரு தாழ்ப்பாள் போட்டுத் தாருங்கள் என்று அவள் கேட்டதற்கு, வரைபடத்தில் இல்லாததைத் தாம் செய்வதில்லை என்றும், குழு சொன்னால் ஒரு நொடியில் செய்வதாகவும் பணிவோடு பதில் வந்தது. மறைக்காட்டுக் கோயிலின் திருக்கதவு நாயன்மார் பதிகம் பாடியதும் திறந்தது. பின் ஒரே பாட்டுக்கு அடைத்துக்கொண்டது. இங்கே பாட்டில்லை, மன்றாட்டுதான். ஒரு சாண் இரும்பு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர மறுக்கிறது என்று அவள் மனம் புழுங்கிற்று.

செயலாளர் நடராசன் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கடிந்து பேசி அறியாதவர். அவள் பேருந்தேறுமுன், அன்று காலை விழுப்புரத்தில் காபி வரவழைத்து, அவள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துதான் மறுத்தார்.

"உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு ஏதாவது ஒண்ணு ஆயிடுச்சுன்னா யாரும்மா பதில் சொல்றது?"

"அவசரத்துக்கு வெளியிலிருந்து சாவியால திறக்கிற பூட்டு இருக்குதுங்க சார். லாட்ஜுல எல்லாம் அதான் வெச்சிருக்காங்க."

"லாட்ஜும் ஆஸ்பத்திரியும் ஒண்ணாம்மா?"

"அது ஆஸ்பத்திரி இல்லீங்க சார். வீடு. நம்ம போர்டுலயே வீடுன்னுதான் எழுதியிருக்குது."

"எழுதியிருக்கு, எழுதியிருக்கு. குழு கூடட்டும், வெச்சுப் பேசுவோம்."

"எப்பங்க சார்?"

"திறப்பு விழா முடியட்டுமே."

"அதுவரைக்கும் ஆரோக்கியசெல்வி அம்மா? வெளித்தாழ்ப்பாள் போட்ட ரூமுக்குப் போக மாட்டேன்னு உட்கார்ந்திருக்காங்களே."

நடராசன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "பழைய வார்டு இன்னிக்குச் சாயந்திரம் காலியாகணும்மா. வரமாட்டேன்னு அடம் பிடிச்சா வேற மாவட்டத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பத்தான் வேணும். மழை வருதில்ல? நான் மத்தியானம் வந்து ரூமெல்லாம் பார்க்கிறேன். அதுக்குள்ள நீங்க பக்குவமா எடுத்துச் சொல்லுங்க."

அத்தனையும் அன்போடு சொன்னார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் திருப்பிச் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அவள் வந்து சேர்ந்தபோது பழைய வார்டின் படியில் ஆரோக்கியசெல்வி தன் தகரப்பெட்டியை அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். பிரம்மதேசம் கிராமத்துப் பக்கம் கல்யாணமாகி வந்த புதிதில் நோய் கண்டு, கை கால் கட்டிக் கொண்டுவரப்பட்டவள். நோய் எப்போதோ தணிந்துவிட்டது. தணிந்த செய்தி அறிந்தபின் அண்ணன் வருவதை நிறுத்திக்கொண்டான். இல்லத்துத் தையற்கூடம் இன்று அவள் பொறுப்பில் நடக்கிறது. அவள் வாய்க்கு மருத்துவர்களே ஒதுங்கிப் போவார்கள்.

"இன்னா மேடம், தாழ்ப்பாளு உள்ள பூந்துச்சா?"

"இன்னும் இல்லக்கா."

"பூராது. எனக்குத் தெரியாதா இந்த ஆஸ்பத்திரிய?"

"இன்னிக்கு மட்டும் மாறிக்கோங்கக்கா. யாரும் வெளியில தாழ் போட மாட்டாங்க. எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"நீ சொல்லுவ. காது கேக்கும், கை கேக்குமா? வார்டுல வேல செய்யற கை மேடம். கதவக் கண்டா சும்மா இருக்காது."

"வேற ஊருக்கு அனுப்பிடுவாங்கக்கா."

"அனுப்பட்டும். அங்கயும் தாழ்ப்பாளு வெளியதான். ஆனா அவங்க அத்த வூடுன்னு பொய் சொல்ல மாட்டாங்க." பெட்டியின் கைப்பிடியை அவள் விரல் தேய்த்துக்கொண்டே இருந்தது. "நான் இன்னா மாளிகையா கேக்கறேன்? படுக்கறப்போ கதவ நானே மூடணும். எழுந்தா நானே தொறக்கணும். இதுக்கு இன்னாத்துக்கு மேடம் இத்தினி பேஜாரு?"

தையல்நாயகி படியில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். காரின் ஒலி கேட்டபோதுதான் எழுந்தாள்.

நடராசன் புதிய வீட்டை மெல்லச் சுற்றி வந்தார். சுண்ணத்தின் வழவழப்பைத் தடவிப் பார்த்தார்; முற்றத்தை மெச்சினார். கோடி அறைக்குள் நுழைந்து, கதவின் பின்பக்கம் வண்ணம் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்க அதைச் சாத்தினார். தையல்நாயகி முற்றத்தின் மறுகோடியில் வல்லரசுவோடு சன்னல் உயரத்துக்காக மல்லுக்கு நின்றிருந்தாள். அந்த நேரம் பார்த்து, மடித்த போர்வைகளை மார்போடு அணைத்தபடி தாழ்வாரத்தில் வந்தாள் வார்டு ஊழியை வீரம்மாள். இளமை முதல் இந்த வளாகத்தில் உழைப்பவள். சாத்திய கதவொன்றைக் கடந்தாள். அவள் கண் பார்க்கவில்லை, மனம் நினைக்கவில்லை. கை மட்டும் தானே நீண்டு, தாழ்ப்பாளை இழுத்துப் போட்டுவிட்டு, மறுபடி போர்வைக்கு அடியில் போய்ச் சேர்ந்தது. அவள் நடந்து போய்விட்டாள்.

உள்ளிருந்து முதலில் தட்டும் ஓசை வந்தது. பிறகு, "யாரங்கே?" பிறகு, "கதவைத் திறங்க! அட, கதவைத் திறங்கப்பா!"

ஒருவரும் திரும்பவில்லை. அந்த வளாகத்தில் அடைத்த கதவுக்குள்ளிருந்து வரும் கூக்குரல் காக்கை கரைவதற்குச் சமம். சமையற்கட்டில் காய் நறுக்கும் ஒலி தடைபடவில்லை. வீரம்மாளே திரும்பிப் பாராமல், பழகிய பரிவோடு, "இதோ வந்துட்டேன் கண்ணு, சத்தம் போடாம இரு" என்று குரல் கொடுத்துவிட்டு மறைந்தாள். உயர்ந்த சன்னலின் விளிம்பில் நான்கு விரல்நுனிகள் மட்டும் தோன்றி, வழுக்கி, மறைந்தன.

கேட்டு எழுந்து வந்தவள் ஆரோக்கியசெல்விதான். கண்துளை வழியே குனிந்து பார்த்தாள்.

"யாரு, செக்ரெட்ரி சாரா?"

"ஆமாம்மா, திற! சீக்கிரம்!"

"சத்தம் போடாதீங்க சார். சத்தம் போட்டா நோவு ஜாஸ்தின்னு ஊசி போட்டுடுவாங்க."

"அம்மா, நான் நடராசன்! எனக்கு ஒண்ணும் இல்ல!"

"நானும் அதான் சார் சொன்னேன்."

தையல்நாயகி ஓடிவந்தாள். அவள் வந்து சேர்வதற்குள் ஆரோக்கியசெல்வியின் கை தாழ்ப்பாளைப் பற்றிவிட்டது. தன் வாழ்நாளில் பாதிக்கு மேல் அந்த இரும்பு விழும் ஓசையை உள்ளிருந்தே கேட்டவள், இன்றுதான் அதை வெளியில் நின்று தொடுகிறாள். ஒரே இழுப்பில் திறந்தாள்.

"உள்ள யாரு இருந்தாலும் பாவந்தான்" என்றாள், யாரையும் பாராமல்.

வியர்வையில் சட்டையெல்லாம் நனைந்து, கண்ணாடி கோணி, நடராசன் வெளியே வந்தார். செய்தி எட்டி ஓடிவந்த வீரம்மாள், "ஐயோ சார், நான் போடல சார், கை தானா போட்டுடுச்சு!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவர் கண்ணாடியை நெடுநேரம் துடைத்தார்.

"வல்லரசு, இந்த ரூமுக்கெல்லாம் உள்ள தாழ்ப்பாள் போடுங்க. வெளியில இருக்கறதைக் கழட்டுங்க."

"டிராயிங்குல இல்லீங்களே சார்..."

"யோவ், டிராயிங்காம்! ஆளை அனுப்புய்யா, ஜல்தி!"

"குழு கூடணுங்களே சார்?" என்று தையல்நாயகி கேட்டுவிட்டாள். கேட்காமல் இருக்க அவளால் முடியவில்லை.

"குழுவுக்கு நான் சொல்லிக்கிறேன். உண்மையில இது ரொம்ப நாளா என் மனசுல இருந்த யோசனைதாம்மா."

யாருடைய யோசனை என்று கேட்க அவள் வாயெடுத்தாள். ஆயினும் வந்த வரத்தைக் கைநழுவ விடக்கூடாதென்று, "ஜன்னலுங்க சார்?" என்றாள்.

"ஜன்னலுக்குக் குழு கூடட்டும்மா" என்றார் அதே பழைய அன்போடு.

திண்டிவனத்துக் கடைவீதியில் அவள் காலையில் சொன்ன அந்தப் பூட்டு எந்தக் கடையிலும் கொட்டிக் கிடந்தது. உள்ளே ஒரு திருகு. வெளியே, அவசரத்துக்கு, செவிலியரிடம் ஒரு சாவி. பொழுது சாயுமுன் கோடி அறையில் பொருத்திவிட்டார்கள். வெளிப்புறத்தில் பெயர்த்தெடுத்த இடத்தில் நான்கு ஆணித்துளைகள் மட்டும் நின்றன.

ஆரோக்கியசெல்வி பெட்டியோடு உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். தாழ் விழுந்தது. உடனே திறந்தாள். வெளியே நின்ற தையல்நாயகியை ஒருமுறை பார்த்தாள். மீண்டும் சாத்திக்கொண்டாள். இம்முறை திறக்கவில்லை.

சற்றைக்கெல்லாம் உள்ளிருந்து தணிந்த குரலில் மன்றாட்டு எழுந்தது. மாதாவை அவள் அழைத்தாள். இறந்துபோன தாய்க்காக வேண்டினாள். வராமற்போன அண்ணனுக்காகவும் வேண்டினாள். தையல்நாயகியின் குலதெய்வம் திருவக்கரைக் காளி. எனினும் அவள் செருப்பைக் கழற்றித் தள்ளி வைத்தாள். குனிந்து, சாத்திய கதவின் நிலைப்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மன்றாட்டு முடியுமட்டும், கூப்பிய கை தளராமல், ஓசையின்றி நின்றாள்.

உள்ளே குரல் ஓய்ந்தது. பிறகு கதவின் அந்தப் பக்கமிருந்து, வெகு அருகில் கேட்டது:

"இன்னும் நின்னுக்கினுதான் இருக்கியா? போ தாயி, பஸ்ஸு போயிடும். ஆண்டவரு உன்னையும் உன் புள்ளைங்களையும் காப்பாத்தட்டும். நீ பொறந்த வூடும் பூந்த வூடும் உனக்கு எப்பவும் தொறந்தே கெடக்கட்டும். நல்லா இரு."